நதி போனது, சர்க்கரை வந்தது

சர்க்கரை டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுப்பார்கள். குமட்டுகிற தித்திப்பு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாக வேண்டும். இரண்டு மணி நேரம் லேப் பெஞ்சில் காத்திருந்துவிட்டு மறுபடி கையை நீட்ட வேண்டும். அந்த இரண்டாவது ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். 199 என்றால், “பார்டர்ல இருக்கு, பாத்துக்கோங்க.” கோட்டை 180-ல் போட்டிருக்கலாம், 220-ல் போட்டிருக்கலாம். 200 எங்கிருந்து வந்தது?

அந்தக் கோட்டைப் போட உதவியவர்கள் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், ஹீலா நதிக்கரையில் வாழும் பழங்குடி மக்கள். வெளியார் அவர்களுக்கு வைத்த பெயர் பீமா. தங்களை அவர்கள் அகிமெல் ஓஓதம், அதாவது ஆற்று மக்கள் என்பார்கள். இவர்களுடைய ரத்தச் சர்க்கரையைப் போல இத்தனை நீண்ட காலம், இத்தனை நுணுக்கமாக அளக்கப்பட்ட சமூகங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அளந்தவர்களுக்கு நிறைய அறிவு கிடைத்தது. அளக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு.

முதலில் அந்த 200. பொதுவாக ஓர் ஊரில் ஆயிரம் பேருக்குக் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளந்து வரைபடம் போட்டால் ஒரே ஒரு மேடுதான் தெரியும். பெரும்பாலோர் நடுவில் குவிந்திருப்பார்கள். வலப்பக்கம் நீளமாக ஒரு சரிவு. நோய் எங்கே தொடங்குகிறது என்று அந்தச் சரிவில் கை வைத்துச் சொல்ல வழியில்லை. பீமா மக்களிடம் எடுத்த அளவுகளை வரைந்தபோது இரண்டு மேடுகள் வந்தன, நடுவே தெளிவான பள்ளம். அந்தப் பள்ளம் விழுந்த இடம் 200-ஐ ஒட்டியது. கண்ணின் விழித்திரை கெட்டுப்போயிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களும் பெரும்பாலும் பள்ளத்துக்கு வலப்பக்கம் இருந்தவர்கள். 1979-ல் அமெரிக்க நிபுணர் குழுவும் 1980-ல் உலக சுகாதார நிறுவனமும் 200 என்று கோடு போட்டபோது முன்னால் வைத்துப் பார்த்த முக்கியச் சான்றுகளில் இது ஒன்று. 1997-ல் வெறும் வயிற்று அளவை 140-லிருந்து 126-க்கு இறக்கியபோது பரிசோதித்துப் பார்த்த கண்களிலும் பீமாக்களின் கண்கள் உண்டு.

இரண்டாவது மேடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதில் ஏராளமானவர்கள் இருக்க வேண்டும். இருந்தார்கள். 1971-ல் மருத்துவ இதழ் ‘லான்செட்’டில் வந்த கணக்குப்படி, 35 வயதைத் தாண்டிய பீமாக்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். அன்றைக்கு உலகத்தில் எங்குமே கேள்விப்படாத அளவு.

ஆனால் 1900-களின் தொடக்கத்தில் இதே ஊர்களைச் சுற்றிப் பார்த்த மானுடவியலாளர் அலெஷ் ஹர்டிலிச்கா எழுதி வைத்தது ஒரே ஒரு சர்க்கரை நோயாளியைப் பற்றித்தான். 1930-களின் இறுதியில் கணக்கில் வந்தவர்கள் 21 பேர். 1950-களின் நடுவில் அது பத்து மடங்குக்கும் மேல். தேடியதால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், இரண்டே தலைமுறையில் ஒரு சமூகத்தின் உடம்பு தலைகீழாகியிருக்கிறது. மரபணு அத்தனை வேகமாக மாறாது. அப்படியானால் மாறியது எது?

ஹீலா நதி நியூ மெக்சிகோ மலைகளில் பிறந்து, அரிசோனாவைக் குறுக்கே கடந்து, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடி, கொலராடோ ஆற்றில் சேரும். அது ஓடும் இந்தப் பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 20 சென்டிமீட்டர் தேறும். ஆற்றை நம்பித்தான் எல்லாம். இவர்களின் முன்னோர் வெட்டிய வாய்க்கால்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். இன்றைய பீனிக்ஸ் நகரம் அந்தப் பழைய வாய்க்கால் தடங்களின் மேல்தான் எழுந்தது. சோளம், பூசணி, பருத்தி, டெப்பரி என்ற ஒரு வகை பீன்ஸ், பிறகு ஸ்பானியர் வழியாக வந்த கோதுமை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குப் போன கும்பல்களுக்குச் சோறு போட்டவர்கள் இவர்கள். உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கே கோதுமை விற்றார்கள். ஏழைகளாக இருந்து நோயாளிகளானவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. உபரி விளைவித்து விற்ற உழவர்கள்.

அந்தச் சாப்பாட்டில் இரண்டு பொருள்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டெப்பரி என்பது ராஜ்மாவுக்கு உறவு. அதைவிடச் சின்ன மணி. கோடை மழையில் விதைத்தால் ஒன்றிரண்டு ஈரத்திலேயே காய்த்துவிடும். தோல் தடிமன், வேக நேரம் பிடிக்கும். மாவுச்சத்து குடலில் மெதுவாகத்தான் கரையும். இன்னொன்று மெஸ்கீட் மரத்தின் காய். நம் ஊர் ஏரிகளையும் வயல்களையும் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தக்காரர் அது. அதன் காய் இனிக்கும் என்பது நம் ஆடுகளுக்குத் தெரியும். பீமாக்கள் அந்தக் காய்களைக் காயவைத்து, உரலில் இடித்து, மாவாக்கிச் சாப்பிட்டார்கள். இனிப்புதான், ஆனால் விதையில் உள்ள பசையும் காயின் நாரும் சேர்ந்து சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதப்படுத்தும். 1990-ல் ஆய்வாளர்கள் இந்தப் பழைய உணவுகளைச் சிலருக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது குளுக்கோஸும் மெதுவாகவே ஏறியது, இன்சுலினும் மெதுவாகவே ஏறியது.

இனி ஆற்றின் கதை. 1860-களுக்குப் பிறகு ஹீலாவின் மேல்மடையில் வெள்ளையர் குடியேற்றம் பெருகியது. ஒவ்வொரு குடியேற்றமும் ஒரு வாய்க்காலை வெட்டியது. 1880-களின் இறுதியில் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்கு மேலே பெரிய கால்வாய் ஒன்று வந்தது. ஓடிய கொஞ்ச நீரும் அதில் திரும்பியது. கடைமடைக்காரன் கதி என்னவென்று காவிரிக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1892-க்குப் பிறகு பத்து வருடங்களுக்கும் மேலாகப் பஞ்சம். பட்டினி கிடந்து செத்தவர்கள் உண்டு. கோதுமை விற்றவர்கள், மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். சாப்பிடக் காய் கொடுத்த மரமும் அதோடு போனது.

அரசாங்கம் என்ன செய்தது? ஆற்றைத் திருப்பித் தரவில்லை, ரேஷன் தந்தது. மைதா மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. பிற்காலத்தில் டின்னில் அடைத்த இறைச்சியும் பாலாடைக் கட்டியும். மாவையும் கொழுப்பையும் வைத்துக்கொண்டு என்ன சமைக்க முடியும்? மாவில் உப்பும் பேக்கிங் பவுடரும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, காயும் கொழுப்பில் போட்டால் நம் பூரியைப் போல உப்பி வரும் ‘ஃப்ரை பிரெட்’. இன்று அமெரிக்கா முழுக்கப் பழங்குடித் திருவிழாக்களில் பாரம்பரிய உணவு என்று விற்பதும் அதுதான். பாரம்பரியத்தின் வயது ரேஷன் கார்டின் வயது.

உடம்புக்குள் என்ன நடந்தது? பெரியவர் ஒருவரின் மொத்த ரத்தத்தில் எந்த நேரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஒரு வேளைச் சோற்றில் வருவதோ அதைப்போல பன்னிரண்டு, பதினைந்து மடங்கு. இரண்டு மணி நேரத்துக்குள் இத்தனையும் ரத்தத்திலிருந்து வெளியேறி, தசைக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேர வேண்டும். கணையத்திலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் தசைச் செல்லின் மேற்பரப்பைத் தொட்டதும், உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு வகைப் புரதங்கள் மேலே வந்து செல்லின் சவ்வில் பதிகின்றன. அவற்றின் வழியாகத்தான் குளுக்கோஸ் உள்ளே போகிறது. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல்வது எடுபடாமல் போகிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. இந்தக் கட்டத்தில் லேப் சீட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். பத்து, பதினைந்து வருடம்கூட ஓடும். ஒருநாள் பீட்டா செல்களால் முடியாமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. இரவில் அளவாக மட்டும் சர்க்கரை தர வேண்டிய கல்லீரல், போதும் என்று சொல்ல ஆளில்லாததால் அளவுக்கு மீறித் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாதவருக்கும் 150 காட்டுவது இதனால்தான். இந்த வரிசை, அதாவது இன்சுலின் எடுபடாமை முன்னே, சுரப்புத் தளர்ச்சி பின்னே என்பது தெளிவானதில் பீமாக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆய்வு தற்செயலாகத் தொடங்கியது. 1963-ல் பீட்டர் பென்னட் என்ற மருத்துவரும் அவரது குழுவும் மூட்டுவாதத்தை ஆராய இங்கே வந்தார்கள். ரத்தத்தில் கண்டது வேறு. 1965 முதல், ஐந்து வயதான குழந்தை தொடங்கி எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. நாற்பது வருடங்களுக்கு மேல் இது நடந்தது. தித்திக்கும் குளுக்கோஸை வாழ்நாளில் பத்து, இருபது தடவை குடித்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இதற்கு முன்பே, 1962-ல், மரபியலாளர் ஜேம்ஸ் நீல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். பஞ்சமும் செழிப்பும் மாறிமாறி வந்த காலத்தில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமிக்க வல்ல உடம்புகளே பிழைத்தன. அந்தச் சேமிப்பு மரபணுக்கள் எப்போதும் சோறு கிடைக்கும் காலத்தில் நோயாகின்றன என்பது அது. ‘சிக்கன மரபணு’ என்ற பெயர் பிரபலமானது. பீமாக்கள் அதற்கு ஆயத்த உதாரணம் ஆனார்கள். நம்மைப் பற்றியும் அதே பேச்சு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று சொன்னபோதும், “நம்ம ஜீன் அப்படி” என்று சொல்லிவிட்டுக் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மரபுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சிக்கன மரபணு இன்றுவரை அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் ஒவ்வொன்றும் கொஞ்சமாகத் தள்ளிவிடும் பல சிறு மாற்றங்கள். நீலே பிற்காலத்தில் தன் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். அதைவிட வலுவான பதில் எல்லைக்கு அந்தப்புறம் இருந்தது.

மெக்சிகோவில், சியரா மாத்ரே மலையில், மைகோபா என்ற ஊர். அங்கேயும் பீமாக்கள் இருக்கிறார்கள். அரிசோனாக்காரர்களுக்கு மொழியாலும் மரபாலும் உறவினர். மலைச்சரிவில் சோளமும் பீன்ஸும் பயிரிட்டு, மாடு மேய்த்து, மரம் அறுத்து வாழ்ந்தவர்கள். 2006-ல் வெளியான ஒப்பீடு இது: அரிசோனா பீமாக்களில் 38 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். மைகோபா பீமாக்களில் 6.9 சதவீதம். மைகோபாவிலேயே பக்கத்து வீட்டில் வாழும் பீமா அல்லாத மெக்சிகோக்காரர்களில் 2.6 சதவீதம், ஆய்வாளர்கள் இந்தக் கடைசி இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரே மூதாதையர். ஒரு பக்கம் ஐந்து மடங்குக்கு மேல். ரத்தம்தான் காரணம் என்று சொல்லிவந்தவர்கள் இந்த எண்களுக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. மைகோபாக்காரர்கள் ஒன்றும் விரதம் இருக்கவில்லை. அவர்கள் வாரத்தில் உடம்பு வளைத்து உழைத்த நேரம் அரிசோனாக்காரர்களைவிடப் பல மடங்கு, அவ்வளவுதான். உழைக்க நிலமும், நிலத்துக்குத் தண்ணீரும் அவர்களிடம் இருந்தன.

இந்த ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுவல்ல, கருப்பையைப் பற்றியது. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மரபணு வழியாக வருகிறதா, தாயின் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை வழியாக வருகிறதா? எப்படிப் பிரித்துச் சொல்வது? ஒரே தாயின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்க்கு நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளை, வந்த பிறகு பிறந்த பிள்ளை. பெற்றோர் அதே, வீடு அதே, மரபுக் கையிருப்பும் அதே வகை. 2000-ல் வந்த முடிவு: பிறகு பிறந்த பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. தாயின் குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது, இன்சுலின் போவதில்லை. சிசுவின் கணையம் பிறப்பதற்கு முன்பே அதிக வேலை பார்க்கப் பழகுகிறது. குழந்தை எடை கூடிப் பிறக்கிறது. அது பெண் குழந்தையானால், தான் கர்ப்பமாகும் வயதுக்கு முன்பே அதற்குச் சர்க்கரை வந்துவிடலாம். சக்கரம் இப்படிச் சுற்றுகிறது. ஒரு தலைமுறைக்குத் தின்னக் கொடுத்த ரேஷன் மாவு, அதைக் கண்ணால் பார்க்காத பேத்தியின் கணையத்தில் கணக்கு எழுதுகிறது.

இந்த அறிவு நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா பல வருடங்கள் வலியுறுத்தியதன் விளைவாக, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007-ல் தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதில் முந்திக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு.

ஹீலா நதி மருத்துவத்துக்குத் தந்தது இன்னொன்றும் இருக்கிறது. அந்த நதியின் பெயரையே தாங்கிய ஒரு பல்லி உண்டு: ஹீலா மான்ஸ்டர். கருப்பும் ஆரஞ்சும் கலந்த மணிகள் கோத்தாற்போன்ற தோல், மந்தமான நடை, விஷக் கடி. வருடத்தில் சில முறை மட்டுமே வயிறு புடைக்கத் தின்னும், மற்ற நாளெல்லாம் வளைக்குள் கிடக்கும். 1992-ல் நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர் இதன் விஷத்தில் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார். சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனுக்கு அது பாதிக்குப் பாதி ஒத்திருந்தது. நம்முடையது ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். பல்லியுடையது மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது. சர்க்கரை ஏறினால் மட்டும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் அந்தச் சரக்கு 2005-ல் எக்ஸெனடைட் என்ற ஊசியாக விற்பனைக்கு வந்தது. இன்று எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் உலகமே பேசும் ஊசிகளுக்கு வழி திறந்தது இதுதான். நோயின் இலக்கணமும் மருந்தின் முதல் மாதிரியும் ஒரே நதிப் பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்திருக்கின்றன. கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தண்ணீர் என்ன ஆனது? தலைமுறைகளாக வழக்கு நடந்து, 2004-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஹீலா நதிச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீர் என்று ஒதுக்கியது. நம் கணக்கில் சுமார் 28 டி.எம்.சி. அதில் ஏறக்குறைய பாதி கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வருவது. பழைய ஹீலா இன்னும் பல இடங்களில் வெறும் மணல்தான். ஆனாலும் டெப்பரி பீன்ஸ் மறுபடி வயலுக்கு வந்திருக்கிறது; பைகளில் அடைத்து விற்கிறார்கள். நூறு வருடம் கழித்து வந்த தண்ணீர், கெட்டுப்போன சிறுநீரகத்தைத் திருப்பித் தராது. அந்தச் சமூகத்தில் டயாலிசிஸ் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் பழகிய சொல்.

இருந்தாலும் ஒன்று நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தலைவிதி என்று விடாமல், 1997-ல் அமெரிக்கப் பழங்குடிகளுக்கென்று தனிச் சர்க்கரைத் திட்டம் தொடங்கியது. பழங்குடிச் சமூகங்களே திட்டங்களை நடத்தின. மருத்துவமனைக்கு வராதவர்களைத் தேடிப் போனார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் பழைய, மலிவான பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் ஐந்தே வருடங்களில் 42 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாக உயர்ந்தார்கள். 1996-க்கும் 2013-க்கும் இடையில் அமெரிக்கப் பழங்குடிகளிடையே சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழப்பது 54 சதவீதம் குறைந்தது. அந்த நாட்டில் வேறு எந்த இனத்தாரிடமும் இத்தனை வேகமாகக் குறையவில்லை. புதிய மருந்து எதுவும் இல்லை, பல்லியின் ஊசிகூட அப்போது பெரும்பாலோர் கைக்கு எட்டாதது. சர்க்கரை வராமல் தடுக்கவும் வழி அதே எளிமைதான்: பீமாக்களும் பங்கேற்று, 2002-ல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் பார்டரில் இருந்தவர்களுக்கு நோய் வருவதை 58 சதவீதம் தடுத்தன; மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம்.

சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், விழித்திரையையும் காட்டிவிடுங்கள். பிரஷரைப் பார்க்காமல் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் டாக்டரிடம் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பழங்குடிகளிடையே பலன் கொடுத்தவை இப்படிப்பட்ட எளிய வழிகள்தான்; இவற்றில் பெரும்பாலானவை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.